பம்புக்காரரின் பதினைந்தாவது பாட்டு

பம்புக்காரரின் பட்டறையில் அவர் பெயர் எழுதாத பொருள் என்று எதுவும் கிடையாது. ஸ்பேனரில் வெட்டியிருப்பார். ஏணியில் பெயின்ட்டால் எழுதியிருப்பார். ரிப்பேர் முடித்து அனுப்பும் ஒவ்வொரு மோட்டாரின் வயிற்றுக்குள்ளும், மூடியைப் பூட்டுவதற்கு முன்னால், ஆணியால் கீறி வைப்பார். மூடிய பிறகு அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனைவி ஒருமுறை கேட்டாள். அடுத்த தடவை கழற்றுகிறவன் பார்ப்பான் என்றார். அடுத்த தடவையும் நீங்கள்தானே கழற்றப் போகிறீர்கள் என்றாள் அவள். அவர் ஸ்பேனரைத் தேடுவதுபோல எழுந்து போய்விட்டார்.

நாலாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். ஒரு திருப்புளியும் ஒரு மாற்றுச் சட்டையுமாக ஊருக்குள் வந்து இறங்கியவர், அறுபத்தெட்டு வயதில் சொந்தப் பட்டறை, இரண்டு லேத்து, மாடி வீடு என்று நிமிர்ந்து நின்றார். ஊரில் பாதிக் குழாய்களில் தண்ணீர் வருவது தன்னால்தான் என்பார். மீதிப் பாதியில் வராமல் இருப்பது தன்னைக் கூப்பிடாததால் என்பார். யார் தடுக்கப் போகிறார்கள்? கேட்கிறவர்கள் எல்லாரும் மோட்டாரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள்.

இத்தனை பெருமையும் ஒரே ஓர் இடத்தில் செல்லாக்காசாகக் கிடந்தது. சலவைக்கடை மாடியில் அவர் ஒன்பது வருடங்களில் பதினான்கு பாட்டுக் கட்டிப் பாடியிருந்தார். பதினான்கில் ஒன்றைக்கூட வேறு எவரும் திரும்பப் பாடவில்லை.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் 'எட்டாவது கப்பல்' என்று ஒரு தொடர் ஓடியது. ஏழு விண்கப்பல்கள் புறப்பட்டுப் போய்த் திரும்பாமல் போகின்றன, அவற்றைத் தேடிக்கொண்டு எட்டாவது கப்பல் கிளம்புகிறது என்பது கதை. வாரத்துக்கு ஒன்றாகத் தொண்ணூற்றொரு வாரம் காட்டினார்கள். தொண்ணூற்றிரண்டாவது வாரம் அந்த நேரத்தில் சமையல் போட்டி வந்தது. கப்பல் என்ன ஆனது என்று இன்றைக்கும் எவருக்கும் தெரியாது. தொடரை எழுதியவரைக் கேட்டபோது தனக்கும் தெரியாது என்றாராம்.

அந்தக் கப்பலை மறக்க முடியாதவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள்; இந்த ஊரில் முப்பது பேர், மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் சலவைக்கடை மாடியில் கூடினார்கள். கீழே மிஷின்கள் சுற்றும் அதிர்வில் மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். தங்களுக்குள் 'கப்பல்காரர்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அவரவர் வீட்டில் அவரவருக்கு வேறு பெயர் இருந்தது.

அவர்கள் வேலை பாட்டுக் கட்டுவது. ஊரறிந்த ஏதாவது ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அதில் கப்பல் கதையை ஏற்றிப் பாடுவார்கள். தாலாட்டு மெட்டில் தலைவனின் கோழைத்தனம் வரும். பள்ளிக்கூடக் காலை வணக்க மெட்டில் டாக்டரம்மாவின் காதல் வரும். இதற்கு ஒரு சட்டமும் இருந்தது. பாட்டைக் கட்டியவர் ஒரே ஒருமுறைதான் பாடலாம். அதற்குப் பிறகு வேறு யாராவது பாடும்வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது, பாடச் சொல்லி யாரையும் கேட்கவும் கூடாது. வேறு ஒருவர், யாரும் தூண்டாமல், கையில் காகிதம் இல்லாமல், தானாக எழுந்து அதைப் பாடினால் பாட்டு 'கப்பல் ஏறிவிட்டது' என்பார்கள். ஒரு வருடத்துக்குள் யாரும் பாடவில்லை என்றால் 'கரையில் நின்றுவிட்டது'. புத்தகம் கிடையாது, நோட்டு கிடையாது. மனதில் தங்கியது தங்கியதுதான்.

பம்புக்காரரின் பதினான்கும் கரையில் நின்றன. கண்ணாடிக்கடைக்காரருக்கு ஏழு பாட்டு ஏறியிருந்தது. அவர் மூக்குக்கண்ணாடி விற்கிறவர், மெல்லிய குரல், பாட்டுக்கு மூன்றே சரணம். பத்தாவது வரை படித்துவிட்டால் மூன்று சரணத்தில் நிறுத்திவிடுவதா என்று பம்புக்காரர் வீட்டில் குமுறினார்.

"கண்ணாடிக்கடைக்காரருக்கு ஏழு பாட்டு கப்பல் ஏறிடுச்சாமே" என்றாள் மனைவி, அப்பளம் பொரித்தபடி. "நம்ம வீட்ல இதுவரைக்கும் மானம் மட்டும்தான் ஏறியிருக்கு."

குறை எங்கே இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. மற்றவர்களுக்கு விளங்கியிருந்தது. அவருடைய பாட்டு எதுவும் ஒன்பது சரணத்துக்குக் குறையாது. முதல் மூன்று சரணம் கப்பல், அடுத்த ஐந்து கப்பலின் இயந்திரங்களில் தொடரை எடுத்தவர்கள் செய்த தவறுகள், கடைசிச் சரணம் அவரே. 'ஐம்பது குதிரை மோட்டாரையும் அரைநாளில் அவிழ்த்தவன்' என்று தொடங்கி, பட்டறை இருக்கும் தெருவைச் சொல்லி, எதிரில் மருந்துக்கடை என்று அடையாளமும் சொல்லி முடியும். ஒரு தடவை அந்தச் சரணத்தைக் கேட்டுவிட்டு ஒருவர் உண்மையிலேயே பழைய மிக்சியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார். அதைப் பாட்டின் வெற்றி என்றே அவர் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை நடத்துகிறவள் கண்டக்டரம்மா. முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள். மைக் தேவையில்லாத குரல். பதினான்காவது பாட்டும் கரையில் நின்ற அன்று, அவர் படிக்கட்டில் அவளை மறித்து, என் பாட்டில் என்ன குறை, ஒளிக்காமல் சொல் என்று கேட்டார். ஒளிக்கிற பழக்கம் அவளுக்கு எப்போதுமே கிடையாது.

"அண்ணே, பஸ்ல ஏறினவனுக்கு உக்கார ஒரு இடம் வேணும். குறைஞ்சது பிடிச்சுக்க ஒரு கம்பியாவது வேணும். உங்க பாட்டுல எல்லா சீட்லயும் நீங்களே உக்காந்திருக்கீங்க. நாங்க எங்க ஏறுறது?"

அவர் கோபித்துக்கொண்டு இறங்கினார். ஆனால் அது முள்ளாகத் தைத்துவிட்டது. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும்போதெல்லாம் அந்த வார்த்தை கூடவே சுற்றியது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கேஸ்கெட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பதினைந்தாவது பாட்டைத் தொடங்கினார்.

இந்தத் தடவை அவர் தலைவனைத் தொடவில்லை, டாக்டரம்மாவைத் தொடவில்லை. கப்பலின் கீழ்த்தளத்தில் தண்ணீர் பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆள் தொடரில் வருவான். அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. தொண்ணூற்றொரு வாரத்தில் அவன் பேசியது மொத்தம் நாலு வார்த்தை. 'ஆச்சு', 'இல்ல', 'கொஞ்சம் பொறுங்க', அவ்வளவுதான். பம்புக்காரர் அந்தத் தொடரைப் பார்த்ததே அவனுக்காகத்தான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கதைக்காகப் பார்ப்பதாகவே சொல்லிவந்தார்.

மெட்டு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய சோப்பு விளம்பரத்தின் மெட்டு. ஏறுகிறவனுக்கு இடம் வேண்டும் என்றாளே கண்டக்டரம்மா, ஒவ்வொரு இரண்டு வரி முடிவிலும் ஒரு சீட்டைக் காலியாக விட்டார். அவர் இரண்டு வரி பாடினால், கூட்டம் 'கீழே ஒருத்தன் இருக்கான்' என்று சொல்லித் தரையை இரண்டு தடவை மிதிக்க வேண்டும்.

*மேலே தலைவன் நட்சத்திரம் பார்ப்பான்,*
*மீசையை முறுக்கி மிடுக்காய் நிற்பான் —*
*கீழே ஒருத்தன் இருக்கான்!*
*காலையில் எழுந்து முகம் கழுவுவான்,*
*தண்ணி எங்கேன்னு கேட்கவே மாட்டான் —*
*கீழே ஒருத்தன் இருக்கான்!*

இரண்டாவது சரணத்தில் டாக்டரம்மா மருந்து கொடுப்பாள், விழுங்கத் தண்ணீரும் கொடுப்பாள், அந்தத் தண்ணீரைப் பற்றி யோசிக்க மாட்டாள். மூன்றாவது இப்படி:

*வாஷர் தேஞ்சா செருப்பை அறுப்பான்,*
*பெல்ட்டு அறுந்தா சட்டையைக் கிழிப்பான் —*
*கீழே ஒருத்தன் இருக்கான்!*
*தொண்ணூத்தி ஒரு வாரம் வந்தான்,*
*நாலே வார்த்தை பேசிட்டுப் போனான் —*
*கீழே ஒருத்தன் இருக்கான்!*

சும்மா சொல்லக் கூடாது, பாட்டு இங்கேயே முடிந்திருக்கலாம். செருப்பின் அடியை வட்டமாக அறுத்து வாஷர் போடுவது பம்புக்காரர் தன் இருபதாவது வயதில் தானே செய்த வேலை. வீட்டுக்கு ஒற்றைச் செருப்போடு நடந்தே போனார். ஆனால் அவர் கை நின்றால்தானே. நாலாவதில் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரம் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது வந்தது. ஐந்தாவதில் தொடரில் அது எந்தப் பக்கம் சுற்றியது என்பது வந்தது. ஆறு, ஏழு, எட்டு என்று போய்ப் பத்தில் அழுத்தக் கணக்கு வந்தது. பதினொன்றில் வழக்கம்போல மருந்துக்கடைக்கு எதிரே போய் நின்றது.

முதல் ஞாயிறு காலையில் பாடினார். முதல் மூன்று சரணத்துக்கு முப்பது பேரும் மிதித்தார்கள். கீழே சலவைக்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். ஐந்தாவதில் மிதிக்கிற கால்கள் குறைந்தன. ஏழாவதில் ஒருவர் டீ போட எழுந்தார். ஒன்பதாவதில் அவருக்கு உதவிக்கு இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். பதினொன்றாவதைப் பாடி முடித்தபோது கடைசி வரிக்கு அவர் ஒருவர் கால் மட்டும்தான் மிதித்தது.

அடுத்த மாதம் யாரும் அதைப் பாடவில்லை. அதற்கு அடுத்த மாதமும் இல்லை. மூன்றாம் மாதம் கூட்டத்துக்குப் போவதை அவர் நிறுத்தினார். முழங்கால் வலி என்று காரணம் சொல்லி அனுப்பினார். வந்து கூப்பிடட்டும், கெஞ்சட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று வீட்டில் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருப்பார். பத்து மணிக்கு மனைவி வந்து, முழங்கால் எப்படி இருக்கு, யாராவது வந்து தூக்கிட்டுப் போவாங்களா, இல்ல சட்டையக் கழட்டுறீங்களா என்று விசாரிப்பாள். இப்படியே இரண்டு வருடமும் நாலு மாதமும் போயின. கெஞ்சுவதற்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. கண்டக்டரம்மா இரண்டு தடவை போன் செய்தாள். கெஞ்சலை நீட்டிக்க வேண்டும் என்று அவர் எடுக்கவில்லை.

மூன்றாவது தடவை போன் வந்தது ஒரு ஞாயிறு முற்பகல். எடுத்துவிட்டார்.

"அண்ணே, ஆறு ஊர்லேர்ந்து கப்பல்காரங்க வந்திருக்காங்க. நூத்தம்பது பேர். பள்ளிக்கூட ஹால்ல கூட்டம். குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல."

"பாட்டுக்குக் கூப்பிடுறியா, பம்புக்குக் கூப்பிடுறியா?"

"பம்புக்குத்தான்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நூற்றைம்பது பேர், தண்ணீர் இல்லாத கழிப்பறை. தொழில் என்று ஒன்று இருக்கிறதே. பையைத் தூக்கிக்கொண்டு போனார். முகத்தை மட்டும் மறக்காமல் உம்மென்று வைத்துக்கொண்டார்.

ஹால் முதல் மாடியில் இருந்தது. மோட்டார் அறை அதற்கு நேர் கீழே, தலையில் இடிக்கும் அளவுக்குத் தாழ்ந்த கூரை. கண்டக்டரம்மா சாவியைக் கொடுத்துவிட்டு அவசரமாக மேலே போய்விட்டாள். மோட்டார் முனகியது, சுற்றவில்லை. மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருந்தது. குனிந்து உட்கார்ந்து அதைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, கூரை இரண்டு தடவை அதிர்ந்தது. தலைமேல் தூசி கொட்டியது.

இடி என்று நினைத்தார். திரும்பவும் இரண்டு அதிர்வு. இந்தத் தடவை தூசியோடு சத்தமும் வந்தது. நூற்றைம்பது தொண்டை சேர்ந்து சொன்னது: கீழே ஒருத்தன் இருக்கான்.

பம்புக்காரர் முதலில் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணி, "இருக்கேன், இருக்கேன், ரெண்டு நிமிஷம்" என்று கூரையைப் பார்த்துப் பதில் சொன்னார். இதை அவர் பின்னாளில் சொல்லும்போது யாரும் கேட்காமலே சொல்வார், தன் கன்னத்தில் தானே தட்டிக்கொள்வார். சோப்பு மெட்டு காதில் விழுந்த பிறகுதான் உறைத்தது. செருப்பு அறுந்தது, சட்டை கிழிந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை. அவர் கெப்பாசிட்டரைக் கையில் பிடித்தபடி, வாயைத் திறந்தபடி, கொட்டும் தூசியை எல்லாம் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று சரணம் முடிந்தது. அடுத்தது இம்பெல்லர் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டார். வரவில்லை. மேலே கால்கள் நின்றன. யாரோ ஒரு பெண் தனியாக, தாழ்ந்த குரலில் வேறொன்று பாடினாள். கூட்டம் மிதிக்காமல், மெல்ல, வாய்க்குள் சொல்வதுபோலப் பதில் சொன்னது.

*நடிச்சவங்க எல்லாம் வீட்டுக்குப் போயாச்சு,*
*விளக்கை அணைச்சுக் கதவும் சாத்தியாச்சு —*
*கீழே ஒருத்தன் இருக்கான்.*
*கப்பல் எங்கேன்னு யாருக்கும் தெரியல,*
*தண்ணி மட்டும் இன்னும் நிக்கல —*
*கீழே ஒருத்தன் இருக்கான்.*

 பம்புக்காரர், தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். பதினோரு சரணம் எழுதினார், அழுத்தக் கணக்குக்கூட எழுதினார், அந்த ஆள் இன்னும் அங்கேயே இருக்கிறான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

புது கெப்பாசிட்டர் போட்டு மோட்டார் ஓடியதும், கைகூடக் கழுவாமல் மாடிக்கு ஏறினார். இடைவேளை. கடைசி வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தார். வெளியூர்க் கப்பல்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். இப்போது பாடினார்களே, அது யார் கட்டிய பாட்டு என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பழைய பாட்டு, தொடர் ஓடிய காலத்திலிருந்தே இருக்கிறதாம் என்றாள்.

"நான்தான்மா கட்டினேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கையில் கிரீஸ், தலையில் ஒட்டடை.

"சரிங்கய்யா. நீங்க மூணாவது ஆள்."

"என்ன மூணாவது?"

"போன வருஷம் ஒருத்தர் தான்தான் கட்டினேன்னார். எங்க ஊர்ல ஒரு வாத்தியாரும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கார். உக்காருங்க, பிஸ்கட் சாப்பிடுங்க."

பம்புக்காரருக்கு ரத்தம் கொதித்தது. ஆதாரம் இருக்கிறது என்றார். மனப்பாடமாக இருந்த தன் நாலாவது சரணத்தை, இம்பெல்லர் சரணத்தை, அவள் காதருகே பாடினார். ஐந்தாவதையும் பாடினார். ஆறில் பாதி போகும்போது அவள் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"தப்பா நினைக்காதீங்கய்யா. நல்ல பாட்டுல கண்டதைச் சேர்த்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க."

சாட்சிக்கு ஆள் இருந்தது. பம்புக்காரர் நேராகக் கண்டக்டரம்மாவிடம் போய், ஜன்னல் ஓரமாக அவளை நிறுத்திச் சண்டைக்கு இழுத்தார். தன் பாட்டு கப்பல் ஏறியதை ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். இரண்டு தடவை போன் செய்தேன், எடுத்தீர்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிறகு கதையைச் சொன்னாள். அவர் வராமல் போன நாலாவது மாதம், யாரும் கேட்காமல் கண்ணாடிக்கடைக்காரர் எழுந்து அதைப் பாடினாராம்.

"அவரா? அவர் எதுக்கு எட்டு சரணத்தை வெட்டினார்?"

"வெட்டல அண்ணே. அந்த எட்டும் ஞாபகத்துக்கு வரலைன்னார். மூணு தன்னால வந்துச்சாம்."

கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு வரிசை தள்ளி நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்புக்காரர் பார்த்ததும் பயந்ததுபோலக் கும்பிட்டார். சலவைக்கடை மாடியிலிருந்து பாட்டு கல்யாணமாகிப் போன ஒரு பெண்ணோடு இன்னொரு ஊருக்குப் போயிருக்கிறது, அங்கிருந்து இன்னொன்றுக்கு. நாலாவது சரணம் எந்த ஊரில் முளைத்தது என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்கடைக்காரர் அது தன்னுடையது இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்.

"இப்ப திரும்பப் பாடப் போறாங்க, எல்லாரும் கேக்குறாங்க" என்றாள் கண்டக்டரம்மா. "நான் மேடையில ஒரு வார்த்தை சொன்னா போதும், யாரு கட்டினதுன்னு ஆறு ஊருக்கும் தெரிஞ்சிடும். சொல்லட்டுமா?"

"சொல்லு."

"நாலு சரணமும் உங்களோடதுதான்னு நினைச்சுக்குவாங்க. பரவாயில்லையா?"

 பரவாயில்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். தேடி வந்து கேட்க அந்த நாலாவது சரணத்தைக் கட்டியவருக்கு முகமே கிடையாது. பம்புக்காரர் தன் வாழ்க்கையில் அளந்து விட்டவற்றுக்கு அளவில்லை. பத்துக் குதிரை மோட்டாரை ஐம்பதாக்கியிருக்கிறார். ஒரு நாள் வேலையை அரை நாளாக்கியிருக்கிறார். ஆனால் அடுத்தவன் சுற்றிய காயிலைத் தான் சுற்றியதாக ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை, அடுத்தவன் காயில் எதுவும் அவர் கண்ணுக்கு அவ்வளவு நன்றாகப் பட்டதில்லை என்பதும் உண்மை. இது பட்டது. அதுதான் தொல்லை.

"நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

மேடைக்கு ஏறினார். நூற்றைம்பது பேர் அவரைப் பார்த்தார்கள். தண்ணீர் வந்துவிட்டது என்று அறிவிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"தண்ணி வந்துடுச்சு" என்றார், கைதட்டியவர்களை ஏமாற்ற வேண்டாம் என்று. "அப்புறம், இந்தப் பாட்டை நான்தான் கட்டினேன்."

பின்வரிசையில் நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். அங்கங்கே சிரிப்பு எழுந்தது.

"முதல் மூணு சரணம் என்னுது. நாலாவது என்னுது இல்ல. அது யாரு கட்டினதுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு அது தோணவே இல்ல. என் பாட்டுல அப்புறம் இம்பெல்லர்தான் வரும்."

இம்பெல்லர் என்றதும் ஹால் கொல்லென்று சிரித்தது. நர்ஸ் சிரிக்கவில்லை. அவள் எழுந்து நின்றாள், வார்டில் பேசிப் பழகிய குரலில் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"மத்த ரெண்டு பேரும் நாலும் தங்களுதுன்னுதான் சொன்னாங்க. நாலாவதை அவங்க ரொம்ப உருக்கமாவே பாடிக் காட்டினாங்க. இவர் ஒருத்தர்தான் வேணாம்கிறார். இவரே கட்டியிருப்பார்."

இப்படி ஒரு அத்தாட்சி தனக்குக் கிடைக்கும் என்று பம்புக்காரர் கனவிலும் நினைத்ததில்லை. நாற்பது வருடமாக 'நான்தான், நான்தான்' என்று தொண்டை கிழியச் சொன்னவரை, 'நான் இல்லை' என்று சொன்ன அன்றைக்குத்தான் ஊர் நம்பியது. அவருக்கு மகிழ்வதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. வாயெல்லாம் பல்லாக நின்றார் என்று கண்டக்டரம்மா பிற்பாடு மனைவியிடம் சொன்னாள்.

பாடுங்கள் என்று கூட்டம் கேட்டது. வேறு பலர் பாடிவிட்ட பாட்டு என்பதால் கட்டியவர் இனிமேல் வாய் திறக்கச் சட்டத்திலும் தடை இல்லை. தொடங்கினார். தலைவன் முகம் கழுவினான், டாக்டரம்மா மருந்து கொடுத்தாள், செருப்பு அறுந்தது. நூற்றைம்பது பேர் மிதித்த மிதியில் மேடைப் பலகை அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மூன்று முடிந்தது. கால்கள் நின்றன. ஹால் அமைதியாகி, நாலாவதற்காக அவர் முகத்தைப் பார்த்தது.

அவருக்கு வார்த்தை தெரியாது. ஒரே ஒரு தடவை, தூசிக்குள் உட்கார்ந்து கேட்டதுதான். "நடிச்சவங்க எல்லாம் ஊருக்குப் போயாச்சு" என்று தொடங்கினார்.

"வீட்டுக்கு" என்றாள் நர்ஸ் பின்னாலிருந்து. "வீட்டுக்குப் போயாச்சுங்கய்யா. ஊருக்கு இல்ல."

பட்டறையில் எவனாவது இப்படி நடுவில் திருத்தியிருந்தால் ஸ்பேனர் பறந்திருக்கும். பம்புக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கிரீஸ் ஒரு கோடாக நெற்றியில் ஏறியது.

"நீ முன்னாடி வாம்மா" என்றார். "ஒவ்வொரு வரியா சொல்லு. நான் பின்னாடியே வர்றேன்."

அவள் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் சொல்லச் சொல்ல, அரை வரி பின்தங்கி, பள்ளிக்கூடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற பையனைப் போல, அவர் நாலாவதைப் பாடினார். விளக்கையும் கதவையும் இடம் மாற்றிவிட்டார். திருத்தினாள், திரும்பச் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து அவருக்காக வாயசைத்துக் காட்டினார்.